நுரை வராத ஷாம்பு

அழகு நிலையத்தின் பின்னறையில், வருகிறவர்களின் தலையை அலசிவிடுவது அவள் வேலை. வருடக்கணக்கில் ஷாம்பு நுரையில் ஊறியதில் விரல் இடுக்குகள் வெடித்து ரத்தம் கசிய ஆரம்பித்தது.

"ஒண்ணு ஷாம்புவ விடுங்க, இல்ல வேலைய விடுங்க" என்றார் தோல் மருத்துவர்.

வேலையை விட முடியாது. பூந்திக்கொட்டையை வாங்கி விதை நீக்கி ஊறவைத்து, கொதிக்கவிட்டு, கசக்கி வடிகட்டினாள். சோதனைக்கு முதலில் அகப்பட்டது கணவனின் தலை. லேத் பட்டறை வேலை என்பதால் அதில் எப்போதும் பிசுக்கு.

"ஐயோ, கண்ணு எரியுதுடி!" என்று குளியலறையிலிருந்து அலறினான். ஆனால் பிசுக்கு போயிருந்தது.

அந்தத் தைரியத்தில் அதையே மாமியாருக்கும் தேய்த்துவிட்டாள். மெல்லிய நரைமுடி காய்ந்து துடைப்பம்போல் விறைத்துக்கொண்டது.

"என் தலை என்ன அடிப்பிடிச்ச பாத்திரமா?"

"தப்புதான் அத்தை. அடுத்த வாரம் சரி பண்ணிடறேன்."

"அடுத்த வாரம் முடி இருந்தா பாப்போம்."

எல்லாத் தலைக்கும் ஒன்றே ஒத்துவராது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாமியாருக்குப் பூந்திக்கொட்டையைக் குறைத்து, வெந்தயம் ஊறிய தண்ணீரும் கற்றாழைச் சோறும் சேர்த்தாள். மகளுக்குச் சுருட்டை முடி; சீப்பை எடுத்தாலே வீடு ரெண்டாகும். அவளுக்காக ஆளி விதையை வழவழப்பாகக் காய்ச்சிக் கலந்தாள். ஒருமுறை மொத்தமாகச் செய்து அலமாரியில் வைத்தது புளித்துப் பொங்கி, துவைத்த துணிமேல் வழிந்தது. அதன்பிறகு கொஞ்சமாகச் செய்து ஃப்ரிட்ஜில்தான் வைத்தாள்.

நிலையத்துக்கும் ஒரு பாட்டில் எடுத்துப் போனாள். முதலாளியம்மா உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துப் பார்த்தாள்.

"நுரையே வரலையே."

"அழுக்கு போகுதுங்க."

"போகும். வர்றவங்க நம்பணுமே."

மறுநாள் ஒரு பெட்டி கையுறை வாங்கிக் கொடுத்தாள். பேச்சு அதோடு முடிந்தது. விரல்கள் மெல்ல ஆறின. வீட்டில் காய்ச்சுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

ஒரு சனிக்கிழமை மகள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். "இனிமே எனக்கு எதுவும் காய்ச்ச வேணாம்மா."

திட்டத் தோன்றவில்லை. வடித்துவைத்ததைக் கொட்டப் போனவளை மாமியார் தடுத்தார்.

"உன் தலைக்கு நீ என்ன போடற?"

"கடையில விக்கறதுதான் அத்தை."

"நல்லா இருக்கு கதை. வா, உக்காரு."

மாமியாருக்கு முரட்டுக் கை. தேய்த்த தேய்ப்பில் கழுத்து வலித்தது. அவள் இன்னும் வாகாகக் குனிந்துகொண்டாள்.