தொண்ணூற்றேழு காட்டிய விரல்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளட்டின் கீழ்வீட்டு அங்கிளுக்கு ஒரு கிழமையாகக் காய்ச்சலும் நெஞ்சுச்சளியும். இரத்தத்தில் ஒட்சிசன் தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே குறைந்தால் உடனே கொண்டுவரச் சொல்லித்தான் டொக்டர் மருந்து கொடுத்திருந்தார். கனடாவில் இருக்கும் ஒரே மகள், விரலில் மாட்டிப் பார்க்கிற மெசின் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தாள். தினமும் காலையில் அவர் மனைவி, அன்ரி, அது காட்டும் எண்ணைப் படமெடுத்து அவளுக்கு வட்ஸ்அப்பில் போடுவா.

நான் ஆஸ்பத்திரித் தாதி. வேலைக்குப் போகிற வழியில் அன்று எட்டிப் பார்த்தேன். அங்கிள் கதிரையில் முன்னால் சரிந்து, இரண்டு கையையும் மேசையில் ஊன்றியபடி இருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போனது. கண்டதும் அரசியல் தொடங்குகிற மனிசன், "வா... பிள்ளை" என்று சொல்லி முடிக்கவே பாடுபட்டார். நாவற்பழம் தின்றவர்போல உதடு நிறம் மாறியிருந்தது.

"தொண்ணூற்றேழு பிள்ளை, ஒரு பயமுமில்லை." அன்ரி அன்று காலை எடுத்த படத்தைக் காட்டினா.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "படத்தை விடுங்கோ. மெசின் எங்க?"

"பற்றரி முடிஞ்சுபோச்சு."

மெசின் மேசையிலேயே கிடந்தது. அங்கிளின் விரலில் மாட்டினேன், வெளிச்சம் நன்றாக எரிந்தது. எண்பத்திரண்டு. விரல் குளிர்ந்திருக்கிறதோ என்று தேய்த்துச் சூடாக்கி, மற்றக் கையில் மாட்டினேன். எண்பத்தொன்று. உடனே ஆம்புலன்சுக்குப் போன் எடுத்தேன்.

அன்ரி சுவரோடு ஒட்டி நின்றா. "மூண்டு நாளா என்ர விரலைத்தான் வைச்சனான். அவள் அங்க தனிய. பயந்துபோவாள்."

"இவருக்கு ஒண்டெண்டா அவள் பயப்படமாட்டாளோ?" என்று கத்திவிட்டேன். கத்தியதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

ஆம்புலன்ஸ் காலி வீதி நெரிசலில் நின்று நின்று போனது. ஒட்சிசன் மாஸ்க் போட்டும் அங்கிளுக்கு எண் பெரிதாக ஏறவில்லை. அந்த நேரம் பார்த்து மகள் கனடாவிலிருந்து போன் எடுத்தாள். "தொண்ணூற்றேழு எண்டே சொல்லு பிள்ளை," என்று அன்ரி கும்பிட்டுப் போனைத் தந்தா. நான் உள்ளதைச் சொன்னேன். படத்திலிருந்தது அப்பாவின் விரல் இல்லை என்பதையும் சொன்னேன்.

"தெரியும் அக்கா. அம்மாவின்ர விரலில தேங்காய் திருவேக்க திருவலை வெட்டின தழும்பு இருக்கு. படத்தில கண்டனான். கேட்டா அப்பாவுக்கு வருத்தம் கடுமை எண்டு சொல்லிப்போடுவா எண்டு பயத்தில கேக்கேல்லை." பிறகு அழத் தொடங்கினாள். "அப்பா இருக்கிறாரோ, அக்கா?"

"இருக்கிறார்," என்றேன். அந்த நேரத்தில் அது உண்மை.