இறக்கத்துக்கு ஒரு கார்

1. மலை இல்லாத ஊரில்

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கீரிமலை இருக்கிறது, மலைதான் இல்லை. வல்லிபுரத்து மணல் திட்டிகளை விட்டால் உயரம் என்று காட்ட ஒன்றும் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் நல்லூருக்குப் பக்கத்தில் நெடுங்காலம் கராஜ் வைத்திருந்தேன். முதுகு ஒத்துழைக்க மறுத்த பிறகு, பழைய கார் வாங்குகிறவர்களோடு கூடப் போய்ப் பார்த்துக் கொடுக்கும் வேலைக்கு மாறினேன். மலைநாட்டுப் பதுளைக்கு மாற்றலான ஆசிரியர், நுவரெலியா ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்த தாதி என்று வருடத்தில் ஒருசிலராவது என்னிடம் வந்து நிற்பார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான் இருக்கும்.

"அண்ணை, சின்ன எஞ்சின் கார் மலை ஏறுமோ?"

ஏறும். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் எஞ்சின் சீசியை மட்டும் வைத்துக்கொண்டு அளப்பதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அறுநூற்று அறுபதோ, எண்ணூறோ, ஆயிரமோ, எஞ்சின் எவ்வளவு களைத்திருக்கிறது என்பதுதான் முதல் விஷயம். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். புகை குப்பென்று வந்தால் அந்தக் காரை மலைக்குக் கொண்டுபோக வேண்டாம். ஹாண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் நின்றுபோனால் கிளட்ச் நல்லது. நிற்காமல் இரைந்துகொண்டிருந்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. அது எங்கள் தட்டை ரோட்டில் இன்னும் கொஞ்சக் காலம் ஓடும், மலையில் முதல் வளைவிலேயே கருகி மணக்கும். ஏசியைப் போட்டுக் காரை நிறுத்தி வைத்து ரேடியேற்றர் ஃபான் சுற்றுகிறதா என்று பாருங்கள். கடைசியாக, எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேளுங்கள். சின்ன எஞ்சினுக்கு ஒவ்வொரு ஆளின் பாரமும் தெரியும்.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரிந்தவை. தெரியாத ஒன்றைச் சொல்லித் தந்தவர் புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், வழக்கம்போல எஞ்சினில் தொடங்கிவிட்டேன்.

2. போகேக்கை ரெண்டு பேர்

சிவபாதம் புத்தூரில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். அறுபது தாண்டியவர். சின்ன லொறியில் வெங்காயம் ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்கு ஓட்டியதுதான் அவருடைய அனுபவம். ஒரு நாள் காலையில் சைக்கிளில் வந்து, வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார்.

"அப்புத்தளைப் பக்கம் போகோணும் அண்ணை. சின்னக் கார் ஒண்டு பாத்துத் தாங்கோ."

"எத்தினை பேர் போவியள்?"

"போகேக்கை ரெண்டு பேர். வரேக்கை நான் மட்டும்."

"ஆரைக் கொண்டுபோய் விடப்போறியள்?"

"மனுசியை."

"ஏன், வீட்டிலை சண்டையோ?" என்று பகிடியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சைக்கிளை ஸ்ராண்டில் விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அவருடைய மனைவி லெட்சுமி அப்புத்தளைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். சிவபாதம் இளவயதில் அங்கே சொந்தக்காரர் ஒருவரின் கடையில் வேலைக்கு நின்றபோது பழகி, கலியாணம் முடித்துப் புத்தூருக்குக் கூட்டிவந்திருக்கிறார். பிள்ளைகள் இல்லை. இப்போது அந்த அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவருக்கோ கடைசி நாட்களைப் பிறந்த தோட்டத்தில் இருக்கும் தன் தம்பி வீட்டில் கழிக்க வேண்டும், அங்கேயே கண்ணை மூட வேண்டும்.

"'இஞ்சை செத்தால் என்னைத் தூக்க ஆர் வருவினம்?' எண்டு கேக்கிறாள் அண்ணை. நான் என்னத்தைச் சொல்லுறது? இவ்வளவு காலமும் எங்கடை சனம் அவளின்ரை கையாலை ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சதில்லை. தோட்டக்காட்டாள் எண்டு பேர் வைச்சதுதான் மிச்சம்."

எனக்கு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நானும் அந்தச் சனத்தில் ஒருவன்தானே.

வாடகை வான் ஒன்றைப் பிடிக்கலாமே என்று கேட்டேன்.

"றைவர் மணிக்கூட்டைப் பாத்துப் பாத்து ஓடுவான். இவளுக்கு நெடுகச் சத்தி, ஒண்டும் வயித்திலை நிக்காது. சொந்தக் கார் எண்டால் அவள் நிப்பாட்டச் சொல்லுற இடமெல்லாம் நிப்பாட்டலாம். தம்பி இருக்கிற தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போற பாதையும் ஒடுக்கம், வான் திரும்பாது."

சேர்ட்டை மாற்றிக்கொண்டு அவரோடு புறப்பட்டேன்.

3. மண்டபத்துச் சரிவு

பழைய கார் விற்கும் சேல் ஒன்றில் இரண்டு கார்களைத் தெரிவு செய்து வைத்தேன். ஒன்று அறுநூற்று அறுபது சீசி, கியர் தானாக மாறும் ஓட்டோ. மற்றது எண்ணூறு சீசி, கையால் கியர் மாற்றும் மனுவல். இரண்டும் எஞ்சினில் குறை சொல்ல முடியாதவை. என் மனம் ஓட்டோவில்தான் நின்றது. வயதுபோன மனிதர், மலைப்பாதை தெரியாதவர், கிளட்சோடு மல்லுக்கட்டாமல் போகட்டும் என்று நினைத்தேன்.

ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் யாழ்ப்பாணத்தில் எங்கே போவது? மேல்மாடியில் கார் நிறுத்த இடம் வைத்துக் கட்டிய ஒரு கலியாண மண்டபம் இருக்கிறது. கலியாணம் இல்லாத நாட்களில் அதன் சரிவுப் பாதைதான் என்னுடைய மலை. காவலாளிக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது.

"ஐயா, இண்டைக்கும் வந்திட்டியளோ?" என்று அலுத்துக்கொண்டுதான் கேற்றைத் திறந்தான்.

தானும் பார்க்க வேண்டும் என்று வந்திருந்த லெட்சுமி பின்சீற்றில் தலையணையைச் சாய்த்து வைத்துக்கொண்டு இருந்தார். ஆள் பாதியாக மெலிந்திருந்தாலும் கண்ணில் குறும்பு குறையவில்லை. இரண்டு கார்களிலும் ஏசியைப் போட்டபடி, சரிவின் நடுவில் நிறுத்தி நிறுத்தி எடுத்தேன். இரண்டும் ஏறின. நான் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன்.

"இது மேடு அண்ணை," என்றார் லெட்சுமி. "எங்கடை லயத்துப் பாதையைக் கண்டால் இதை மலை எண்டு சொல்லமாட்டியள்."

சிவபாதம் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். எல்லோருக்கும் பால் விடாத பிளேன்ரீ வாங்கி வருகிறேன் என்று றோட்டுக்கு இறங்கிப் போனார். அவர் தலை மறைந்ததும் லெட்சுமி முன்சீற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"எதை எடுக்கப்போறியள் அண்ணை?"

"ஓட்டோவைத்தான் சொல்லப்போறன் தங்கச்சி. உவருக்குச் சுகம்."

"வேண்டாம். மனுவலை எடுக்கச் சொல்லுங்கோ."

"அது கரைச்சலல்லோ?"

"நீங்கள் எல்லாரும் ஏறுறதை மட்டும்தான் பாக்கிறியள். நான் இருக்கிறவரைக்கும் ஏறிப்போடுவார். நான் பக்கத்திலை இருந்து சொல்லுவன். இறங்கேக்கை ஆர் சொல்லுறது? எங்கடை அப்பா தோட்டத்து லொறியிலை கிளீனரா நிண்டவர். ஏறின கியரிலைதான் இறங்கோணும், பிரேக்கிலை தொங்கக்கூடாது எண்டு சொல்லிச் சொல்லி எனக்குப் பாடம்."

ஓட்டோவிலும் இறக்கத்துக்கு 'எல்' என்று ஒன்று இருக்கிறது, போட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதைப் போட நினைவு வரோணுமே அண்ணை. என்னை அங்கை விட்டிட்டுத் தனிய வருவார். யோசனையோடைதான் வருவார். ஓட்டோ எண்டால் ஒரு தரம் போட்டிட்டு, கையைச் சும்மா வைச்சுக்கொண்டு அழுதுகொண்டு வருவார். மனுவல் எண்டால் வளைவுக்கு வளைவு கியர் மாத்தோணும். தனிய வாறவருக்குக் கைக்கு வேலை வேணும்."

சிவபாதம் பிளேன்ரீயோடு வருவது தெரிந்தது.

"உவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ," என்று சொல்லிவிட்டு லெட்சுமி தலையணையில் சாய்ந்துகொண்டார்.

மனுவலைத்தான் எடுங்கள், ஏற்றத்துக்கு அதுதான் இழுவை என்று சிவபாதத்திடம் சொன்னேன். பாதி உண்மை. அடுத்த கிழமையே அவர்கள் புறப்பட்டுப் போய்விட்டார்கள்.

4. திரும்பி வந்த கார்

மாரி முடிந்த பிறகு ஒரு நாள் அந்தக் கார் என் வாசலில் வந்து நின்றது. சிவபாதம் தனியாக இறங்கினார். தாடி வளர்ந்திருந்தது. நான் கேட்கும் முன்னரே சொன்னார்.

"மாத்தளை தாண்டுமட்டும் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தவள் அண்ணை. ஏத்தம் துடங்கினாப் பிறகு எழும்பி இருந்திட்டாள். அப்புத்தளைச் சந்தியிலை அவளின்ரை தம்பியும் ஏறினவன். லயத்துப் பாதையிலை கார் திணறிப்போச்சு. ஏசியை நிப்பாட்டினன், தம்பி இறங்கிப் பக்கத்திலை நடந்து வந்தான், ஃபஸ்ற் கியரிலை ஏறிச்சுது. 'அந்தா தெரியுதுல்ல, அதுதாங்க எங்க லயம்' எண்டாள். அவள் அப்பிடிக் கதைச்சு நான் கேட்டு எத்தினை வருசம். இஞ்சை சனம் சிரிக்குமெண்டு அந்தத் தோட்டத்துப் பேச்சையே விட்டிட்டாளல்லோ."

"எவ்வளவு நாள் இருந்தவ?"

"மழைக்காலம் முழுக்க இருந்தவள், நானும் அங்கைதான் நிண்டன். பொங்கலுக்கு முதல் போயிட்டாள். லயத்துச் சனம் முழுக்க வந்தது அண்ணை. தூக்குறதுக்கு ஆக்கள் தோளை மாத்தி மாத்தி வந்தினம். புத்தூரிலை இருந்து ஒருத்தரும் வரேல்லை. நான் அறிவிச்சனான்."

அவர் சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாதவன் நான். தெரிந்த வேலையைச் செய்வோம் என்று ஜாக்கை எடுத்து வந்து முன்சில்லைக் கழற்றினேன். பிரேக்கிலேயே தொங்கி மலை இறங்கிய கார் என்றால் டிஸ்க் சூட்டில் நீலம் பூத்திருக்கும், பிரேக் பாட் தேய்ந்து கண்ணாடிபோல மினுங்கும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. மனிதர் முழு இறக்கமும் கியரில்தான் வந்திருக்கிறார்.

"நல்லா ஓட்டியிருக்கிறியள்," என்றேன்.

"என்னத்தை ஓட்டினது. கியர் மாத்தி மாத்திக் கை உளைஞ்சுபோச்சு. றோட்டிலை கண்ணை வைக்கவும் கியரை மாத்தவும்தான் நேரம் இருந்தது. அழக்கூட விடேல்லை அண்ணை இந்தக் கார். ஓட்டோவை எடுத்திருக்கலாம். இனி எனக்கு ஏன் இது? ஆரும் கேட்டால் குடுத்துவிடுங்கோ."

சொல்ல வேண்டாம் என்று லெட்சுமி கேட்டிருந்தார். ஆனால் அந்த நேரம் எனக்கு அதை மனதில் வைத்திருக்க முடியவில்லை. மண்டபத்துச் சரிவில், அவர் பிளேன்ரீ வாங்கப் போன இடைவெளியில் லெட்சுமி சொன்னதை அப்படியே சொன்னேன்.

நான் சில்லைப் பூட்டி ஜாக்கை இறக்கினேன். சிவபாதம் போய்ச் சாரதி சீற்றில் ஏறி, கியரின் தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதார். வீட்டுக்குள்ளிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு நான் கேற்றடியில் நின்றேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு காரை எடுத்தார். விற்பதைப் பற்றி அவர் மறுபடி கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்தக் காரில்தான் சந்தைக்குப் போகிறார்.

இளைய மெக்கானிக்மாருக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். மலைக்குக் கார் கேட்டு வருகிறவரிடம் எத்தனை பேர் ஏறுவீர்கள் என்று கேளுங்கள், அது தேவை. அதோடு, இறங்கி வரும்போது பக்கத்தில் யார் இருப்பார் என்றும் கேளுங்கள். ஒருவரும் இல்லை என்று சொன்னால், நான் இப்போது ஓட்டோ கார்ப் பக்கமே போவதில்லை.