மணிக்கூண்டுக்கு வந்த பத்து மணி

"ரெண்டு நாட்டுக் கடிகாரமும் என் மண்டைக்குள்ள ஓடுது. நான் யாரையும் மணி கேட்டதில்ல, கேக்கப்போறதும் இல்ல."

இப்படிப் பிரகடனம் செய்தபோது அவளுக்கு வயது பன்னிரண்டு. கேட்டுக்கொண்டிருந்த தாய்மாமன் அந்த இடத்திலேயே 'மணிக்கூண்டு' என்று பட்டம் சூட்டிவிட்டார். அதன் பிறகு கைக்கடிகாரம் கட்டுவதையே அவள் கௌரவக் குறைச்சலாக நினைத்தாள்.

பெருமைக்கு முகாந்திரம் இல்லாமல் இல்லை. ஒன்பது வயதுவரை வளர்ந்தது அந்த நாட்டில். அதன் பிறகு அம்மாவோடு இந்த நாட்டில். அப்பா மட்டும் அங்கேயே, ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில், மலைமலையாய்ப் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே தங்கிவிட்டார். அங்கே நேரம் நாலரை மணி பின்னால். காலை பத்தரைக்கு, கணக்கு வகுப்பில், "இப்ப எங்கப்பா எழுந்து பல்லு வெளக்குறாரு" என்று பக்கத்து இருக்கைக்காரியின் காதில் ஓதுவாள். வருஷத்துக்கு ஒரு மாதம் மட்டும் கண்ணில் படுகிற அப்பாவை மற்ற பதினொரு மாதமும் அவள் இப்படித்தான் கட்டிக் காப்பாற்றி வந்தாள்.

இப்போது அதற்கெல்லாம் ஒரு முடிவு வரப்போகிறது. அப்பா இருக்கும் ஊரிலேயே ஒரு கல்லூரி. அவளுடைய விண்ணப்பத்தைப் பாதி ஏற்றுக்கொண்டுவிட்டது. மீதிப் பாதி ஒரு நேர்காணலில் இருந்தது. தேறினால் இடமும் உண்டு, விடுதியும் உண்டு. தவறினால் இன்னொரு வருஷம். வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து விடுதியின் மாடிப்படிகள்கூட அவளுக்கு மனப்பாடம். மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில் என்று முடிவும் செய்தாயிற்று. கல்லூரிக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை.

நேர்காணல் திங்கட்கிழமை, கல்லூரியின் நேரப்படி காலை பத்து மணிக்கு, கணினித் திரை வழியாக. "நமக்கு ரெண்டரை" என்று கண் இமைக்காமல் சொன்னாள்.

"எதுக்கும் ஒருதடவ போன்ல பாத்துக்கோடி" என்றாள் அம்மா.

"சூரியன் கிழக்க உதிக்குதான்னும் போன்லயே பாக்கட்டுமாம்மா?"

அம்மா சட்டைக்கு இஸ்திரி போடப் போனாள்.

இரண்டு இருபத்தைந்துக்கு மணிக்கூண்டு திரைக்கு முன்னால் அமர்ந்தாள். மேலே மடிப்புக் கலையாத சட்டை. திரைக்குத் தெரியாத கீழ்ப்பகுதியில் வீட்டில் உடுத்தும் பழைய பாவாடை. 'காத்திருக்கவும்' என்றது திரை. காத்திருந்தாள். சரியாக இரண்டரைக்குத் தொலைபேசி அடித்தது. அப்பா.

"முடிஞ்சுதா கண்ணு? என்ன கேட்டாங்க?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லப்பா. நீங்க ஏன் இந்நேரத்துக்கு?"

"டீ குடிக்க விட்டாங்க. மணி பதினொண்ணு ஆச்சே."

மணிக்கூண்டின் மண்டைக்குள் இரண்டு கடிகாரங்களும் ஒருசேர நின்றன.

"முந்தாநேத்து ராத்திரி இங்க எல்லாரும் கோடைக்காகக் கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சோமே" என்றார் அப்பா, குரல் தேய்ந்துகொண்டே. "வருஷாவருஷம் எனக்கே நீதான ஞாபகப்படுத்துவ. உனக்குத் தெரியாததான்னு நான் சொல்லல."

ஆம், வருஷாவருஷம் அவள்தான். இந்த வருஷம் மட்டும் அவள் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள்.

"நான் வேணா இப்படியே கெளம்பி கல்லூரிக்கு ஓடட்டுமா? பஸ்ல இருபது நிமிஷம்தான்."

"வேணாம்பா. நானே பேசறேன். வைங்க."

கல்லூரி அலுவலக எண்ணை அழுத்தினாள். அம்மா காதருகே குனிந்தாள். "கரண்டு போயிடுச்சுன்னு சொல்லுடி. நம்ம ஊருன்னா நம்புவாங்க."

யோசனை பிரமாதம். அங்கே இதைச் சந்தேகிக்க ஒரு ஜீவனும் கிடையாது. மறுமுனையில் எழுத்தர் பெண் எடுத்தாள். "பத்து மணிக்கு ரெண்டு தடவ கூப்பிட்டுப் பாத்தாங்க. ஏன் வரல?"

மணிக்கூண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா விளக்கைக் காட்டிக் கையை விரித்தாள்.

"மணியத் தப்பாக் கணக்குப் போட்டுட்டேங்க" என்றாள், ஒன்பது வயதோடு நின்றுபோன அந்த நாட்டு மொழியில்.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். யாரிடமோ ஏதோ கேட்கும் சத்தம். அம்மா முந்தானை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நேர்காணல் பண்றவங்க பன்னெண்டு மணிக்கு எழுந்துடுவாங்க" என்றாள் எழுத்தர். "உங்களுக்காக அதுக்கு மேல பத்து நிமிஷம் உக்காரச் சொல்லியிருக்கேன். பன்னெண்டுக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் நான் ஒண்ணும் செய்ய முடியாது. எங்க நேரம், கவனம்."

"நம்ம நேரத்துக்கு எத்தனடி?" என்றாள் அம்மா.

மணிக்கூண்டு வாயைத் திறந்தாள். மூன்றரை என்று விடை நாக்கு நுனிவரை வந்தது. இன்று மதியமும் ஒரு விடை இதே கம்பீரத்தோடு வந்ததுதான். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள், தொலைபேசியைப் பார்த்தாள், எதுவும் நெருங்கிய உறவாகத் தோன்றவில்லை. அப்பாவை அழைத்தாள்.

"சொல்லு கண்ணு. உள்ள கூப்பிடறாங்க, சீக்கிரம்."

குரலைத் தணித்துக்கொண்டாள். "அங்க இப்ப மணி என்னப்பா?"

"பதினொண்ணு பதிமூணு" என்றார்.

"பன்னெண்டு அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்கப்பா."