டொக்டர் கேட்ட கேள்விக்கு மகள் சொன்ன பதில்

என் வயிற்றில் பிறந்த பிள்ளை, ஆஸ்பத்திரியில் ஊர்ச் சனம் பார்த்திருக்க, என்னைப் பொய்க்காரி ஆக்கினாள். நான் கேட்ட செபத்துக்கு அந்தோனியார் தந்த பதிலும் அதுதான். இரண்டையும் சேர்த்துச் சொல்லத்தான் வந்தேன். அவசரமில்லை, ஆறுதலாகச் சொல்கிறேன், ஆறுதலாகக் கேளுங்கள்.

செபக் கூட்டத்தில் எழும்பி நின்று சாட்சி சொல்லும்படி சிஸ்டர் கேட்டா. மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுது காட்ட எனக்குப் பழக்கமில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். பிழைகளை மகள் திருத்தினாள். அவளைப் பற்றி நான் எழுதியதில் ஒரு சொல்லையும் அவள் மாற்றவில்லை. அதையும் இங்கே சொல்லிவிடவேண்டும்.

முல்லைத்தீவுக் கரையில் எங்கள் குடும்பம் ஒருவரிடமும் கை நீட்டாத குடும்பம். கடைசிச் சண்டையில் என் வீட்டுக்காரர் போனார். அதன் பிறகும் கருவாடு போட்டே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினேன். மூத்தவன் அன்ரன். அந்தோனியாருக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை, அதனால் அந்தப் பெயர். இளையவள் றீற்றா.

அன்ரன் கடலுக்குப் போகிறவன். சண்டை முடிந்து அகதி முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பிய பிறகு குடிக்கத் தொடங்கினான். முதலில் பின்னேரத்தில். பிறகு கடலால் வந்த கையோடு. கடைசியில் விடிய எழும்பி முகம் கழுவ முதலே சாராயம் வேண்டும். குடிக்காவிட்டால் கை நடுங்கும். வலை பொத்துகிற ஊசியைக்கூடப் பிடிக்க மாட்டான். என் தலையில் கை வைத்து எத்தனையோ தரம் சத்தியம் பண்ணினான். ஒவ்வொரு தரமும் நம்பினேன். ஒவ்வொரு தரமும் அடுத்த நாளே அவன் வாயில் அந்த மணம் வரும். மருமகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

யாரும் கேட்டால், மகனுக்குப் பித்தம் என்பேன், தலைச்சுற்று என்பேன். “என் மகன் குடிக்கிறவன்” என்று என் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. ஊருக்குத் தெரியாது என்றா சொல்கிறீர்கள்? தெரியும். ஆனால் நான் சொல்லாதவரைக்கும் என் முகத்துக்கு நேரே கேட்க ஒருவருக்கும் துணிவில்லை.

றீற்றா படிப்பில் கெட்டிக்காரி. அவளை ரீச்சர் ஆக்கவேண்டும் என்பது என் ஆசை. வெள்ளைச் சேலை கட்டி, குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவாள் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் நான் சமைத்துக்கொண்டிருக்கக் குசினிக்குள் வந்து நின்றாள்.

“அம்மா, நான் வேற படிப்புப் படிக்கப் போறன். குடிக்கும் தூளுக்கும் அடிமையான ஆக்களுக்கு உளவளத்துணை செய்யிற வேலை.”

“வீட்டில ஒண்டு இருக்கிறது உனக்குக் காணாதோ?”

“வீட்டில இருக்கிறபடியால்தான் அம்மா.”

அவ்வளவுதான் கதை. கொழும்புக்குப் போய்ப் படித்தாள். வவுனியாப் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் வேலையும் எடுத்தாள். கேட்டு வந்த சம்பந்தம் ஒன்று, பெண் குடிகாரரோடு இருந்து வேலை செய்கிறாளாம் என்று திரும்பிப் போனது. என் வீட்டுக்காரரின் தங்கை பிலோமினா பக்கத்து வளவில்தான் இருக்கிறா. வேலிக்கு மேலால் கேட்பா:

“மச்சாள், மகள் குடிகாரருக்கு ரீச்சராமே. தமையன் என்ன, முதலாம் பிள்ளையாய்ப் பாஸோ?”

மூத்தவன் குடித்து என்னை ஏமாற்றினான். படித்தவள், நான் மறைத்து வைத்ததையே தன் தொழிலாக்கி ஏமாற்றினாள். அப்படித்தான் அப்போது என் மனதுக்குப் பட்டது.

போன வருடம் உயிர்ப்புப் பெருநாளுக்கு றீற்றா லீவில் வந்தாள். எங்கள் கரையில் தவக்காலம் என்றால் எத்தனையோ ஆம்பிளைகள் சாராயத்தைத் தொடாமல் நோன்பிருப்பார்கள். சாம்பல் புதனன்று விட்டால் பெரிய வெள்ளி கழியும்வரை விட்டதுதான். ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மனம் வைத்தால் விடலாம், அதற்கு அந்தோனியார் முன்னால் ஒரு சத்தியம் போதும் என்று அவளிடம் சொன்னேன். அவளுடைய முகம் மாறிவிட்டது.

“அம்மா, சொல்லுறதைக் கேளுங்கோ. அவையள் பின்னேரத்தில குடிக்கிற ஆக்கள். அண்ணா விடியவும் குடிக்கிறவர். அவற்ற உடம்பு அதில பழகிப்போச்சு. உடன நிப்பாட்டினா வலிப்பு வரும், உயிருக்கே மோசம். ஆஸ்பத்திரியில படுத்து, மருந்தோடதான் நிப்பாட்டவேணும். நான் கூட்டிக்கொண்டு போறன். அதுவரைக்கும் அவர் கொஞ்சம் கொஞ்சம் குடிக்கட்டும்.”

“குடிக்கட்டுமோ? உதைச் சொல்லவோ உன்னைப் படிப்பிச்சனான்?”

“அம்மா...”

“குடிகாரன் எண்டு பதிஞ்சு படுக்க வைக்க, என்ர பிள்ளை நாதியத்தவனில்லை. நீ போய் உன்ர ஆக்களைப் பார்.”

அவள் பஸ்ஸுக்குப் போகும்போது வழியனுப்ப நான் வாசல் படலைவரை போகவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, அந்தோனியாரின் நாள், பூசை முடிய அன்ரனைச் சுரூபத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனேன். அவனும் மறுக்கவில்லை. பிள்ளைகளைப் பார்க்கவேண்டும் என்று அழுதான். அந்தோனியாரின் பாதத்தில் கை வைத்து, “இனித் தொடமாட்டன்” என்றான். அவன் கையின் நடுக்கத்தில் பக்கத்தில் இருந்த மெழுகுதிரி சரிந்தது. நான் நிமிர்த்தி வைத்தேன்.

நம்புங்கள், அந்த முறை அவன் வாக்கைக் காப்பாற்றினான். புதன்கிழமை முழுக்க வேர்வையும் சத்தியும், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. சட்டையைப் பிழியலாம். நஞ்சு இறங்குகிறது என்று நினைத்து நான் சந்தோசப்பட்டேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். றீற்றாவின் போன் வந்துகொண்டே இருந்தது. காதில் விழாமல் இல்லை. எடுக்க விருப்பமில்லை.

வியாழக்கிழமை காலை, முற்றத்தில் வலைக்குப் பக்கத்தில் இருந்தவன் அப்படியே சரிந்தான். கையும் காலும் இழுத்தது. வாயால் நுரை. அது நின்றதும் எழும்பினான், ஆனால் அது என் மகன் இல்லை. கண் எங்கேயோ பார்த்தது. மண்ணில் முழங்கால் குத்திக்கொண்டு இல்லாத வலையை இழுக்கத் தொடங்கினான். வெறும் கையால் மீன் கழற்றினான். “அப்பா, இழுங்கோ, பாரமாக் கிடக்கு” என்று செத்துப்போன தகப்பனைக் கூப்பிட்டான்.

பிலோமினா ஓடி வந்து பார்த்தா. “மச்சாள், உது வருத்தமில்லை, செத்த அண்ணைதான் வந்து பிடிச்சிருக்கிறார். உள்ளுக்குக் கொண்டுபோய்ப் பூட்டுங்கோ. மந்திரிக்கிற ஆளைக் கூப்பிடுவம்.”

அவனை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினோம். நான் அந்தோனியார் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். முழங்காலில் இருக்கவில்லை. நின்றுகொண்டுதான் கேட்டேன்.

“அந்தோனியாரே, குடிச்சு என்னை ஏமாத்தின நாளெல்லாம் அவன் நடமாடினான். உமக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்தினான், இப்ப விழுந்து கிடக்கிறான். இது என்ன நியாயம்? நானும் உம்மை நம்பித்தானே வந்தனான். இவன்ர உயிரைத் தாரும். இல்லையெண்டா இனி உம்மட வாசல் மிதிக்கமாட்டன்.”

அப்படியெல்லாம் ஒரு புனிதரோடு கதைக்கலாமா என்று கேட்பீர்கள். எனக்கு அப்போது அவரும் என்னைக் கைவிட்டவர்களில் ஒருவர்.

செபம் முடியவில்லை, படலையில் ஓட்டோ வந்து நின்றது. இறங்கினவள் றீற்றா. முதல்நாள் அன்ரன் களவாகப் போன் எடுத்து, கண்ணுக்குள் பூச்சி ஓடுகிறது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறான். “உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. போகேலாதெண்டா கொஞ்சம் குடியுங்கோ அண்ணா, நான் வாறன்” என்றிருக்கிறாள். அந்தோனியாருக்கும் அம்மாவுக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லி அவன் இரண்டுக்கும் மாட்டேன் என்றிருக்கிறான். அதனால்தான் விடியப் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். அவள் என்னோடு வாதாடவில்லை. கதவைத் திறந்தாள். தமையனைக் கட்டிப்பிடித்து, “வாங்கோ அண்ணா, வள்ளம் கரைக்கு வந்திட்டுது, இறங்குவம்” என்றாள். அவன் குழந்தைப்பிள்ளைபோல அவளோடு போனான். நானும் பிலோமினாவும் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் சனம் நிறைந்திருந்தது. பாதி எங்கள் கரைச் சனம். இளம் டொக்டர் பிள்ளை ஒன்று அன்ரனின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டா:

“அம்மா, இவர் குடிக்கிறவரோ?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து நின்றேன்.

“இல்லை டொக்டர். என்ர பிள்ளை ஒண்டும் தொடுறேல்ல.”

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவன் தொடவில்லைதானே. அதனால் பொய் என்று எனக்குப் படவில்லை. காய்ச்சல் இருந்ததா, தலையில் அடிபட்டதா என்று டொக்டர் வேறு பக்கமாகக் கேட்கத் தொடங்கினா. அப்போது என் பின்னால் இருந்து றீற்றாவின் குரல் வந்தது. மெல்லமாக இல்லை. எல்லாருக்கும் கேட்கும்படியாக.

“அம்மா சொன்னது சரியில்லை டொக்டர். இவர் என்ர அண்ணா. கனவருசமாய் விடியவிலயிருந்து குடிக்கிறவர். செவ்வாய்க்கிழமை ஒரேயடியா நிப்பாட்டினவர். இண்டைக்குக் காலமை வலிப்பு வந்தது. இப்ப இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுது.”

டொக்டர் எழும்பிவிட்டா. தாதிமாரைக் கூப்பிட்டு ஏதேதோ சொன்னா. கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஊசி, சேலைன், மருந்து எல்லாம் ஒரேயடியாக நடந்தது. நான் சுவரோரம் கிடந்த மர வாங்கில் இருந்தேன். நிலம் பிளக்காதா என்று இருந்தது.

பிலோமினா பக்கத்தில் வந்து இருந்தா. “உங்கட மகள்தானே சொன்னவள் மச்சாள். நாங்கள் ஒருதரும் ஒண்டும் சொல்லேல்ல.”

பின்னேரம் அந்த டொக்டர் என்னைத் தேடி வந்தா. “அம்மா, மகள் சொல்லியிருக்காட்டி நாங்கள் வேற வருத்தத்தைத் தேடிக்கொண்டு நிண்டிருப்பம். அதுக்குள்ள ஆள் போயிருக்கலாம்” என்றா. நான் தலையை ஆட்டினேன். அதைக் கேட்ட பிறகும் றீற்றாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அன்ரன் கண் திறந்து என்னை அடையாளம் கண்டான். “அம்மா, பிளேன்ரீ ஒண்டு தாங்கோ” என்றான். பிறகு, “வாக்கை மீறிப்போட்டனோ?” என்று கேட்டான்.

“இல்லை மோனை. மீறேல்ல.”

நான் வெளியே போய்த்தான் அழுதேன்.

பிறகு அவனை மறுவாழ்வு இல்லத்தில் விடுவது என்று முடிவாயிற்று. றீற்றா பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அதற்கும் அவள் மாட்டேன் என்றாள்.

“சொந்தக்காரரை நாங்கள் பார்க்கக்கூடாதம்மா. என்னட்டை அண்ணா எல்லாத்தையும் வாய்திறந்து சொல்லமாட்டார். வேற ஆள் பார்ப்பினம்.”

ஊரார் பிள்ளைக்கெல்லாம் இருக்கிறாள், சொந்தத் தமையனுக்கு இல்லையாம். அந்தக் கோபத்தோடுதான் வீட்டாட்கள் வந்து பார்க்கிற நாளன்று அங்கே போனேன்.

அன்ரன் தோட்டத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றான். அவன் வரும்வரை நான் விறாந்தையில் இருந்தேன். எதிரில் கண்டாவளைப் பக்கத்து அம்மா ஒருவர், நெல் வயல்காரர், றீற்றாவுக்கு முன்னால் கதிரையில் இருந்தா. பக்கத்தில் மெலிந்த மகன். அந்த அம்மாவின் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. என்னையே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது.

“என்ர பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லைப் பிள்ளை. சேர்க்கைதான் பிழை.”

என் மகள் அவவைப் பொய்க்காரி ஆக்கவில்லை. “தூரத்தில இருந்து வந்திருக்கிறியள். சாப்பிட்டீங்களோ அம்மா?” என்று கேட்டாள். தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டு இருந்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. காத்திருக்க நேரம் இருக்கிற இடத்தில் அவள் காத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு அந்த நேரம் இருக்கவில்லை.

உயிரைத் தாரும் என்று அந்தோனியாரைக் கேட்டேன். ஆளை அவர் எப்போதோ தந்து, கொழும்புக்கு அனுப்பிப் படிப்பித்தும் வைத்திருந்தார். என் படலையில் கொண்டுவந்து இறக்கியும் விட்டார். நான் எதிர்பார்த்தது வேறு மாதிரி, அவ்வளவுதான்.

நான் எழும்பிப் போய் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். றீற்றா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவைத்தான் பார்த்துச் சொன்னேன்.

“என்ர மகன் குடிச்சவன் அம்மா. விடியவிலயிருந்து குடிச்சவன். அந்தா, கத்தரிக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிக்கிறான்.”

முதன்முதலாக என் வாயால் சொன்னேன். நிலம் பிளக்கவில்லை. அந்த அம்மா தன் மகனின் முழங்காலில் கையை வைத்தா.

இப்போது அன்ரன் கடலுக்குப் போகிறான். வலை பொத்துகிறான், ஊசி நடுங்குவதில்லை. மருமகள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. ஞாயிறு பூசைக்கு மட்டும் பிள்ளைகளோடு வந்து எங்கள் வாங்கில் இருக்கிறாள். அதற்கும் நன்றி சொல்கிறேன். பிலோமினாவின் பேரனைப் போன கிழமை றீற்றா வேலை செய்கிற இல்லத்துக்குக் கூட்டிப் போனது நான்தான். அதைப் பற்றி வேலிக்கு மேலால் நான் ஒன்றும் கேட்கவில்லை. (இதை எழுதலாம் என்று அவவே சொன்னா.)

ஆஸ்பத்திரியில் என் மகள் வாய் திறந்தபோது பட்ட வலி இன்னும் முழுக்க ஆறவில்லை. இருக்கட்டும். அந்த வலியோடுதான் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மெழுகுதிரி கொளுத்துகிறேன்.

ஒரே பீடத்தில் அப்பம் வாங்குகிற என் சனமே, உங்கள் வீட்டிலும் விடியவே குடிக்கிற ஒரு பிள்ளை இருந்தால், அந்தோனியாரிடம் வாருங்கள். அவர் கேட்பார், நான் சாட்சி. ஆனால் சத்தியம் வாங்க முதல் அவனை டொக்டரிடம் காட்டுங்கள். மருந்தோடு நிற்பாட்டட்டும், பிறகு வந்து பாதத்தில் கை வைக்கட்டும். உங்கள் பிள்ளைகளில் ஒன்று என் மகளின் வேலைக்குப் படிக்கவேண்டும் என்று கேட்டால், படலைவரை போய் வழியனுப்புங்கள். டொக்டர் கேள்வி கேட்கும்போது நிமிர்ந்து நின்று உள்ளதைச் சொல்லுங்கள். சொல்ல ஏலாமல் நா ஒட்டினால் என்னைக் கூப்பிடுங்கள். வந்து பக்கத்தில் இருக்கிறேன்.