கீரைக் கடைசலும் மூன்று பட்டன் மிக்சியும்

மிக்சி விற்கிறவனுக்கு வாய்தான் முதல். கடை வாசலில் டெமோ காட்டி வயிறு வளர்க்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? மிளகாயை இடிக்கிறோம், மிளகை நுணுக்குகிறோம், மாவை ஆட்டுகிறோம், கீரையைக் கடைகிறோம். மிக்சிக் கம்பெனிக்கு எல்லாம் ஒன்றுதான், பட்டனை அமுக்கு. மாசம் முடிவதற்குள் ஒன்றாவது விற்காவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

திண்டிவனத்தில் ருசி பார்த்தவர்

வேகவைத்த சிறுகீரையை ஜாரில் போட்டு ஒரு சுற்று சுற்றி, "கடைசல் ரெடி" என்று கூவினேன். மயிலத்திலிருந்து வந்த அக்கா ஒருவர் ஒரு கரண்டி வாங்கி நக்கிப் பார்த்தார்.

"கடையறதுன்னா சட்டியில மத்தை வெச்சு உருட்டறது தம்பி. நீ வெட்டிக்கினு இருக்க. இதை வெச்சு போஸ்டர் ஒட்டலாம்."

விழுப்புரத்தில் தமிழய்யா

அடுத்த வாரம் விழுப்புரம் கிளை. ரிட்டயர்டு தமிழாசிரியர் ஒருவர் முன்வரிசையில் நின்றார். ஆள் சிக்கிவிட்டார் என்று நினைத்து, கடைவது என்றால் என்ன என்று அவரையே கேட்டுத் தொலைத்தேன். கடைதல் என்றால் சுழற்றுதல், மோரைக் கடைவதும் பட்டறையில் கட்டில் காலைக் கடைவதும் அதே சொல்தான் என்று தொடங்கியவர் நிறுத்தவேயில்லை. கூட்டம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டது. ஒருவழியாக, "மிக்சி எடுத்துக்கிறீங்களா ஐயா?" என்றேன்.

"மிக்சியா? பஸ் வர்ற வரைக்கும் ஃபேன் காத்துக்கு நின்னேம்ப்பா."

மேனேஜரின் கண்ஜாடை

மாசத்தின் கடைசி நாள். மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். கண்டாச்சிபுரத்துத் தம்பதி வந்தார்கள். "இதுல கீரை கடைய முடியுமா?" என்று அந்த அம்மா கேட்டார். சொல்லு, சொல்லு என்று மேனேஜர் கண்ணைக் காட்டினார். எனக்கோ போஸ்டர் பசை ஞாபகம். "முடியாதுங்க, கூழாக்கிடும். கடையணும்னா மத்துதான்" என்றேன். மேனேஜர் முகம் கறுத்தது. வேலை போச்சு என்றே நினைத்தேன். அந்த அம்மாவோ கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க வீட்ல கீரை கடையறது இவரு வேலை. மிக்சியே கடையும்னு நீ சொல்லியிருந்தா அதையும் என் தலையில கட்டியிருப்பாரு. எனக்கு சட்னி அரைச்சா போதும், பில்லைப் போடு."

வேலை தப்பியது, ஆனால் உண்மையைச் சொல்லி ஒரு மிக்சி விற்றதை மட்டும் மேனேஜர் இன்னும் மன்னிக்கவில்லை.