மாலை போடாத லென்ஸ்

"இந்த ஃபிஃப்டியில உங்களுக்கு முக்கியமா என்ன வேணும் சார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்று வாங்கத் தாம்பரத்தில் லோக்கல் ரயில் பிடித்து நகரத்துக்குள் போயிருந்தேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ஃபோகஸ் பிடிக்கும்போது முன்னும் பின்னும் அலையக் கூடாது. கிர்ரென்று சத்தம் போட்டு, உட்கார்ந்திருப்பவரை மிரட்டக் கூடாது. லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து எடுத்தாலும் இமை முடி தனித்தனியாகத் தெரிய வேண்டும், அதற்காகக் கன்னத்துத் தழும்பையெல்லாம் பறைசாற்றக் கூடாது. கனமும் கூடாது, எனக்கு ஏற்கெனவே கழுத்து வலி. அவர் தலையாட்டிக்கொண்டே இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். நிஜமாக எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லியிருந்தால் மனுஷர் அவற்றைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டியிருப்பார். எதிரே இருப்பவரின் கழுத்தில் மாலை தெரியாத லென்ஸ் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் என் பிழைப்பு அப்படி. சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையே என் ஸ்டுடியோ. கல்யாணத்துக்கு இப்போது டிரோன், கிரேன் என்று ஒரு படையே வந்து இறங்குகிறது. எனக்கு மிச்சமானவை முகங்கள். பாஸ்போர்ட்டுக்கு ஒரு முகம், வரன் வீட்டுக்கு அனுப்ப ஒரு முகம், அப்புறம் அந்த இன்னொரு முகம். ஒருவர் போய்விட்டால் மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப்பில் ஏதாவது ஒரு குரூப் போட்டோ வந்துவிடும். "சார், கூட இருக்கறவங்களை எடுத்துட்டு அப்பாவை மட்டும் பெருசாக்கிக் குடுங்க. பின்னாடி நீலம் போட்டுடுங்க. சட்டையை வெள்ளையா மாத்திடுங்க." மாற்றுவேன். பந்தியில் சாம்பாருக்காகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தவரை நீலத்துக்கு நடுவில் தனியாக உட்கார வைப்பேன். அவர் தோளில் யாராவது கை போட்டிருந்தால்தான் பெரும்பாடு. விரல் விரலாக அழிக்க வேண்டும்.

செய்து செய்து எனக்கு ஒரு வியாதி பிடித்துவிட்டது. நல்ல திடகாத்திரமாக வந்து ஸ்டூலில் உட்காருகிறவரைக்கூட, மார்பளவுக்கு நேராக வைத்துப் பார்த்தால், மாலை எது வரைக்கும் இறங்கும் என்று என் கண் தானாக அளந்துவிடும். வெளியே சொன்னால் ஒருவர்கூடப் படியேற மாட்டார். சிரித்துக்கொண்டே எடுத்து அனுப்பிவிடுவேன்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கீமோ என்று எல்லாம் ஆயிற்று. முடி கொட்டிய நாட்களில், "கேமராவை என் பக்கம் திருப்பினீங்கன்னா போட்டு உடைச்சிடுவேன்" என்று சொல்லியிருந்தாள், நானும் திருப்பவில்லை. புது முடி முளைத்துத் தலை கறுத்த பிறகு, ஒருநாள் அவளாகவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இப்ப எடுங்க" என்றாள். என் பழைய ஃபிஃப்டியில் எடுத்தேன். ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்த மழையில், அலமாரிக்குள்ளேயே ஈரம் குடித்துப் பூஞ்சை பிடித்த லென்ஸ் அது. படத்தில் லேசாகப் புகை மூட்டம் இருந்தது. இருந்தாலென்ன, அவள் வாய்விட்டுச் சிரிக்கிற படம். பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் நான் வழக்கமாகக் கொடுக்கும் ஃபிரேம் கடையில் கொடுத்தேன்.

பேப்பர் சுற்றிக் கொடுத்ததை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவள்தான் ஆசை ஆசையாகப் பிரித்தாள். அவள் சிரிக்கும் முகத்தைச் சுற்றிச் சந்தன மாலை. அடியில் சின்னதாக ஒரு சிவப்பு பல்பு, ஒயரோடு.

அவள் அதை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. பல்புதான் கொஞ்சம் ஓவர்" என்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாலையைப் பிய்த்து எடுத்தேன், சந்தனச் சுருள்கள் கூடமெல்லாம் கொட்டின. அதே வேகத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

கடைக்காரருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, தப்பா எடுத்துக்காத சார். நீ குடுக்கறதெல்லாம் அந்த மாரி படம்தான? ஒத்த ஆளு, பெரிய சைஸு, பின்னாடி பிளெயினு. நான் இன்னாத்த கண்டேன்? எப்பவும் போல மாலையும் பல்பும் போட்டு வுட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா நல்லாத்தான கீறாங்க?" என்றார்.

அதுவரைக்கும் கத்திக்கொண்டிருந்த நான், அந்தக் கேள்வியைக் கேட்டதும் திரும்பி வந்து வண்டியை எடுத்தேன்.

அதற்குப் பிறகு அவளை நான் எடுக்கவில்லை. எடுக்கப் போனால் அந்தச் சந்தன மாலைதான் முன்னால் வந்து நின்றது. மற்றவர்கள் கழுத்தில் என் கண் தானாக அளந்து போட்டது வேறு. இவள் கழுத்தில் அது நிஜமாகவே விழுந்ததை நான் பார்த்துவிட்டேன். அவள் கேட்கும்போதெல்லாம், லென்ஸில் பூஞ்சை, புதுசு வாங்கியதும் எடுக்கலாம் என்று சாக்குச் சொன்னேன். "பூஞ்சை லென்ஸுக்கு இல்லைங்க, உங்களுக்குத்தான்" என்பாள். டீச்சரிடம் பொய் சொல்லிக் கரையேறியவர் யார்?

பிறகு அவளுக்கு முதுகில் ஒரு வலி வந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை எடுத்தார்கள், ரிசல்ட் திங்கட்கிழமை என்றார்கள். புற்றுநோய் திரும்பி வந்திருக்கிறதா இல்லையா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். வீட்டில் உட்கார முடியாமல்தான் சனிக்கிழமை கிளம்பிப் போய் லென்ஸை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். "நல்லதாப் போச்சு. நாளைக்கு என்னை எடுங்க. திங்கக்கிழமைக்கு அப்புறம் என் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. அதுக்கு முன்னாடி ஒண்ணு வேணும்."

ரிசல்ட் மோசமாக வந்தால் சுவருக்குப் போகப்போவது இந்தப் படம்தான். பின்னால் நீலம் போடப்போகிற கையும் என் கைதான். எடுக்க மாட்டேன் என்று சொன்னாலோ, அதுவே ஒரு ரிசல்ட் மாதிரி ஆகிவிடும். நான் நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டேன் என்றுதானே அவள் நினைப்பாள்?

ஞாயிறு காலை ஜன்னல் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மஞ்சள் கைத்தறிப் புடவை, காதில் சின்னத் தோடு. ஃபிஃப்டியில் ஒரு தொல்லை உண்டு. வேறு பெரிய லென்ஸ் என்றால் கூடத்தின் மறுகோடியில் ஒளிந்துகொண்டு எடுக்கலாம். இதில் முகம் வேண்டுமென்றால் பக்கத்தில் போயே ஆக வேண்டும், மெதுவாகப் பேசினால் கேட்கிற தூரத்துக்கு. போனேன். லென்ஸ் அருமையான லென்ஸ். புதிதாக முளைத்த மெல்லிய புருவம், கண்ணுக்கு அடியில் கீமோ விட்டுப்போன கறுப்பு, கண்மணியில் கேமராவோடு நிற்கும் நான், எல்லாம் துல்லியம். மாலையும் வந்தது.

பின்னால் நகர்ந்தேன். ஜன்னல் திரையைச் சரிசெய்தேன். மேகம் மூடுகிறது என்றேன். ஸ்டூலை நகர்த்தச் சொன்னேன். மறுபடி பின்னால் நகர்ந்ததில் முதுகு பீரோவில் இடித்தது.

"குடுங்க இங்க" என்று எழுந்து வந்து கேமராவை வாங்கிக்கொண்டாள். "போய் உக்காருங்க."

"நான் எதுக்கு?"

"ஏன், உங்களுக்கு வேணாமா? யாரு முந்தின்னு எழுதியா வெச்சிருக்கு?"

உட்கார்ந்தேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூட குரூப் போட்டோவுக்கு நின்றபோது இருந்த நடுக்கம். எந்தப் பட்டன் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, எனக்கு வராத தைரியத்தோடு, கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நின்றாள்.

"சிரிங்க."

சிரித்தேன். எடுத்தாள்.

"இது வேணாம். எப்பவும் என்னைப் பாப்பீங்கல்ல, அது மாதிரி பாருங்க."

பார்த்தேன். எடுத்தாள். ஸ்டூல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கேமராவின் திரையை என் பக்கம் திருப்பினாள். ஃபோகஸ் கச்சிதம். அதில் இருந்தவன் சாவு வீட்டு வாசலில் நிற்கிறவன். வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு, அழக்கூட நேரமில்லாமல் நிற்பானே, அந்த முகம். கண் அவளைப் பார்க்கவே இல்லை. அவளுக்குப் பின்னால் இருந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதைத்தான் நான் தினம் பாக்கறேன்" என்றாள். "காலையில காப்பி குடுக்கும்போது, மாத்திரை பிரிச்சுக் குடுக்கும்போது, ராத்திரி ஃபேன் ஸ்பீடைக் குறைக்கும்போது." கேமராவை என் மடியில் வைத்தாள். "நான் இன்னும் இங்கதாங்க இருக்கேன்."