கூயா பதவி பறிபோன கதை

போன மாதம் ஒரு திங்கட்கிழமை என்னைப் பதவியிறக்கம் செய்துவிட்டார்கள்.

வேலையில் அல்ல. கனடாவில், புவாண்ட்-கிளேரில் ஒரு வேர்ஹவுஸில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவனை அதற்கும் கீழே எங்கே கொண்டுபோய் வைப்பது? இது வேறு பதவி. நான்கு வருடமாக நான் பொத்திப்பொத்தி வைத்திருந்த பதவி.

என்னோடு வேலைசெய்யும் ஜாய் ஒரு பிலிப்பைன்ஸ் பெண். முப்பது வயது. வந்த முதல் நாளே என்னைக் 'கூயா' என்று கூப்பிட்டாள். விசாரித்தேன். அண்ணை என்று அர்த்தமாம்! அவர்கள் ஊரில் வயதில் மூத்தவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லையாம். அண்ணன் வயதென்றால் கூயா. அக்கா வயதென்றால் ஆத்தே. மாமா, சித்தப்பா வயதுக்காரருக்கு தீத்தோ, மாமி, சின்னம்மாவுக்கு தீத்தா. அதற்கும் மேலே போனால் லோலோ, அதாவது தாத்தா. அட, நம்மட ஆக்கள்!

அப்போது எனக்கு ஐம்பத்துநான்கு, அவளுக்கு இருபத்தாறு. இருபத்தெட்டு வருட வித்தியாசத்தில் ஒரு அண்ணை... கணக்குக் கொஞ்சம் இடிக்கத்தான் செய்தது. நான் வாயைத் திறக்கவில்லை. தானாக வந்த சீதேவியை யாராவது காலால் உதைப்பார்களா? வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பிள்ளையைக் கண் டொக்டரிடம் ஒருக்கால் காட்டச் சொல்லுங்கோ என்றாள்.

பொறாமை. வேறென்ன?

இன்னொரு சந்தோஷமும் இருந்தது. எங்களிடம் போர்க்லிஃப்ட் ஓட்டுகிற பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட ஆறு வயது இளையவர், தலையில் மருந்துக்கும் முடியில்லை. அவரை ஜாய் தீத்தோ என்பாள். அவர் மாமா, நான் அண்ணை! பத்து நாளைக்கு ஒருதரம் நான் அடிக்கும் தலைச்சாயத்துக்குக் கிடைத்த சர்வதேச அங்கீகாரம் என்றே அதை எடுத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் திங்கட்கிழமை வந்தது. மைக்ரோவேவில் சாப்பாட்டை வைத்துவிட்டு நிற்கிறேன். "தீத்தோ, உங்கட சாப்பாடு சூடாகிட்டுது" என்று ஜாயின் குரல். நான் திரும்பி போர்க்லிஃப்ட்காரரைத் தேடினேன். அவர் அங்கே இல்லை. என்னைத்தான் சொல்லியிருக்கிறாள்.

நேரே பாத்ரூம் கண்ணாடிக்குப் போனேன். காதோரம் மெல்லிய வெள்ளைக் கோடு. இதுதான் சங்கதி! அன்று பின்னேரமே கடைக்குப் போய், இருப்பதிலேயே ஆகக் கறுப்பான டையாகப் பார்த்து வாங்கி அடித்தேன். செவ்வாய்க்கிழமை தலை கன்னங்கரேல் என்று இருந்தது. இடது காதும்தான்.

"குட் மோர்னிங், தீத்தோ" என்றாள் ஜாய். போர்க்லிஃப்ட்காரர் என் காதுக்கு என்ன நடந்தது என்று அக்கறையாக விசாரித்தார்.

புதன்கிழமை நான் கோபித்துக்கொண்டு காருக்குள் இருந்து சாப்பிட்டேன். வெளியே மைனஸ் பன்னிரண்டு. மைக்ரோவேவ் இருப்பது சாப்பாட்டு அறையில், ரோஷம் இருப்பது காரில். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்குமா? மீன் குழம்பு கிட்டத்தட்டப் பனிக்கட்டியாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை, முழுப் புட்டையும் சாப்பிட்டு முடித்தேன்.

வியாழக்கிழமை ஜாய் கார்க் கண்ணாடியைத் தட்டினாள். சனிக்கிழமை மகள் மீக்காவுக்கு ஆறாவது பிறந்தநாளாம், மனைவியோடு கட்டாயம் வரவேண்டுமாம். அந்தப் பிள்ளை வந்து இரண்டு கிழமைதான் ஆகிறது. ஒன்றரை வயதில் தன் அக்காவிடம் விட்டுவிட்டு ஜாயும் கணவனும் கனடா வந்தவர்கள். பிள்ளையைக் கூப்பிடுகிற குடிவரவுக் கடுதாசிகள் எல்லாம் சரிவர இவ்வளவு காலம். பார்ப்போம் என்றேன். நம்மவர் பார்ப்போம் என்றால் வரமாட்டோம் என்று அர்த்தம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் மனைவியிடம் முழுவதையும் கொட்டினேன். கேட்டுவிட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"முப்பது வருசமா நான் உங்களை அப்பா எண்டுதான் கூப்பிடுறன். அதுக்கு ஒருநாளும் சாப்பாட்டைக் காருக்குள்ளை கொண்டுபோகேல்லையே?"

நான் கையில் எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

மகன் பிறந்த நாளிலிருந்து அவளுக்கு நான் அப்பா. என் தம்பி அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், அவனைக் கூடச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். பிள்ளை என்ன சொல்லவேண்டுமோ அதைத் தாய் முதலில் சொல்லிக் காட்டுவாள். ஜாயின் வீட்டுக்கு இப்போது பிள்ளை வந்துவிட்டது. நான் அந்தப் பிள்ளைக்கு மாமா. இதற்கும் என் காதோர வெள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது விளங்க எனக்கு ஒரு டை பெட்டியும் ஒரு குளிர்ந்த மீன் குழம்பும் தேவைப்பட்டிருக்கின்றன.

சனிக்கிழமை போனோம். டோர்வலில் சின்ன அப்பார்ட்மென்ட், விமானங்கள் தலைக்கு மேலாலேயே போகின்றன. இருபது பேர் இருக்கும். கதவடியிலேயே மீக்கா என் கையைப் பிடித்தாள். கைலாகு கொடுக்கிறாள் என்று நினைத்து நான் பலமாகக் குலுக்கினேன். பெரியவர்களின் கையை நெற்றியில் வைத்து ஆசீர்வாதம் வாங்குவது அவர்கள் வழக்கமாம்... என் கை அந்தப் பிள்ளையின் நெற்றியில் இரண்டு தரம் இடித்தது. அதுதான் நான் கொடுத்த ஆசீர்வாதம்.

உள்ளே ஒன்றைக் கவனித்தேன். எல்லோரும் ஜாயை 'நானாய்' என்று கூப்பிட்டார்கள். கணவன், பக்கத்து வீட்டுப் பெண், எங்கள் போர்க்லிஃப்ட்காரர் கூட. நானாய் என்றால் அம்மா. அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் மீக்கா. அவள் தாயை 'தீத்தா' என்றாள். சின்னம்மா!

என் மனைவி எந்த வீட்டுக்குப் போனாலும் பத்து நிமிடத்தில் குசினிக்குள் இருப்பாள். அங்கே கேட்டுவந்து எனக்குக் காதோடு சொன்னாள். பெரியம்மா வீட்டில் நாலு பிள்ளைகளோடு மீக்கா வளர்ந்தாளாம். அந்த நாலும் ஜாயைத் தீத்தா என்றதால் இவளும் தீத்தா என்று பழகிவிட்டாள். போனில் கேட்கும்போது சிரிப்பாக இருந்ததாம். வீட்டுக்குள் கேட்கும்போது சிரிப்பு வரவில்லையாம். நானாய் என்று கூப்பிடு என்று வற்புறுத்த ஜாய்க்கு விருப்பமில்லை. அதனால் வருகிறவர் போகிறவர் எல்லோரும் பிள்ளையின் காதில் விழும்படி நானாய், நானாய் என்கிறார்கள். வீட்டில் தவறிவிடக்கூடாது என்றுதான் ஜாய் வேலையிடத்திலும் எல்லோரையும் பிள்ளையின் முறையில் கூப்பிட்டுப் பழகுகிறாளாம்.

ஒரு சொல்லுக்காக ஒருத்தி இத்தனை வருடம் காத்திருக்கிறாள். நான் ஒரு சொல்லுக்காகக் காருக்குள் போயிருந்தேன். எனக்குச் சரியான வெட்கமாகப் போய்விட்டது.

வெட்கம் வந்தால் நான் சும்மா இருக்கமாட்டேன், அளவுக்கு மீறி ஏதாவது செய்வேன். தட்டை எடுத்துக்கொண்டு குசினி வாசலில் போய் நின்று, "நானாய், இன்னும் கொஞ்சம் நூடில்ஸ்" என்றேன் உரத்த குரலில்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ஜாய் சிரித்துக்கொண்டே போட்டாள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நானாய், தண்ணி. நானாய், நாப்கின். நானாய், அந்தச் சோஸ்...

நாலாம் தரம் யாரோ என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தார்கள். மீக்கா. முகம் கடுகடு என்று இருந்தது.

"அவ உங்கட நானாய் இல்லை" என்றாள் இங்கிலீஷில். "நீங்கள் கிழவன்."

"அப்ப ஆருடைய நானாய்?" என்றேன்.

அவள் ஜாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நேரே போய், தாயின் காலைக் கட்டிக்கொண்டு, அங்கிருந்து என்னை முறைத்தாள். ஜாய் அகப்பையோடு அசையாமல் நின்றாள்.

கேக் வெட்டி, பாட்டுப் பாடி, புறப்பட நேரமாகிவிட்டது. கதவடியில் குந்தியிருந்து ஸ்னோ பூட்ஸை மாட்டுகிறேன். இந்த வயதில் அது சத்தமில்லாமல் நடக்கிற காரியமா? 'அம்மா... அப்பா...' என்று முனகல். மீக்கா வந்து சற்று நேரம் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். பிறகு குசினிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"நானாய், இந்த லோலோவுக்குக் கேக் கட்டிக் குடுங்கோ!"

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. ஜாய் கேக்கோடு வந்தபோது அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது. பொதியைத் தந்தாள். என் மனைவி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். நான் பூட்ஸ் நாடாவைக் கட்டுவதுபோல் குனிந்தே இருந்தேன். என் பூட்ஸுக்கு நாடா கிடையாது.

லோலோ என்றால் என்னவென்று மேலேயே சொல்லிவிட்டேன், இன்னொரு தரம் எழுத மனம் வரவில்லை. ஆனால் கேக் நல்ல ருசி.